சூடு ஆறும் வரை

இரவு ஒன்றே கால்.
உட்லண்ட்ஸ் திடலில் கடைசி விளக்கும் அணைந்த பிறகுதான்
ஜெனரேட்டர் இத்தனை நேரம் போட்ட கூச்சல்
காதுக்கு உறைத்தது.
ஆறு மணி நேரம்,
கடையிலிருந்து இருபது அடி தள்ளி நின்று,
புகையை ஜொகூர் பக்கமாக ஊதிக்கொண்டிருந்தது.

புகைக்குழாயில் முதல் சொட்டு விழுந்து
'ஸ்' என்றது.
மைமூன் வானத்தைப் பார்த்தாள்.
"டிரெய்லருக்குள்ள தள்ளிடுவோம். மேல கூரை இருக்குல்ல?"

கூரை இருக்கிறது.
கூரைக்குக் கீழே கேஸ் சிலிண்டர் இருக்கிறது,
பாதி எண்ணெய் டின், மாவு மூட்டை,
காலி அட்டைப் பெட்டிகள் ஒரு ஆள் உயரத்துக்கு.
அதற்கு நடுவே
வயிறு நிறையப் பெட்ரோலும்
தொட முடியாத சூடுமாய் இது.
மாட்டேன் என்றேன்.
"நாளைக்கு உன் வடையில பெட்ரோல் வாசம் அடிச்சா
யாரு தின்பா?"
அதற்குத்தான் மசிந்தாள்,
சிலிண்டருக்கு இல்லை.

போன வருஷம் உள்ளேதான் வைத்தோம்.
கடைசிச் சுவரோரம், ஏற்ற எளிது என்று.
புக்கிட் தீமா விரைவுச்சாலை இறக்கத்தில்
டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது,
முதலில் நாய்க்குட்டி போல,
பிறகு யாரையோ அடிக்கப் போகிறவன் கை போல.
பிரேக்கைத் தொடாமல்
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்ததும்
வண்டி தானாக அடங்கியதும்
எனக்கு நினைவிருக்கிறது.
மைமூனுக்கு
நான் கத்திய கெட்ட வார்த்தை நினைவிருக்கிறது.

மழை வந்தேவிட்டது.
கொதிக்கிற இயந்திரத்தின் மேல்
தார்ப்பாயைப் போட முடியாது. உருகும்.
இரண்டு பேர், ஒரு குடை,
குடைக்குக் கீழே ஜெனரேட்டர்.
குடைக்கு வெளியே நாங்கள்.

பக்கத்துக் கடை டுரியான்காரர்
லாரியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.
நாங்கள் எதுவும் சொல்லவில்லை.
என்னவென்று சொல்வது?
இருபது நிமிடம்.
வாடகை பாக்கி பேசினோம்,
அவள் மகனின் ராணுவப் பயிற்சி பேசினோம்,
இடையிடையே நான் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஆறியது.
எண்ணெய்க் குழாயை மூடினேன்.
பிடி இரண்டு, ஆள் இரண்டு.
"பிஸ்மில்லா" என்றாள், "முருகா" என்றேன்,
நாற்பத்தைந்து கிலோ மேலே போனது.
பிக்கப்பின் முன்பக்கம், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால்,
படுக்க வைக்காமல், நிமிர்ந்து.
மூலைக்கொன்றாய் நான்கு பட்டைகள், குறுக்கே இழுத்து.
பெட்ரோல் கேன் எதிர் மூலையில், தனியாய், மூடி இறுக்கி.
பிறகுதான் தார்ப்பாய்.

இடது தடம். அறுபது.
எல்லாரும் முந்திப் போகிறார்கள், போகட்டும்.
கிராஞ்சி தாண்டியதும்
பின்னாலிருந்து ஒரு முனகல்.
வேகம் கூடினால் கூடுகிறது,
குறைந்தால் குறைகிறது.
மைமூன் ரேடியோவை அணைத்தாள்.
"எஞ்சினா?"
"இல்ல. பட்டை."

மண்டாய் பக்கம் இறங்கி ஓரம் நிறுத்தினோம்.
மழை நின்றிருந்தது, மரங்கள் மட்டும் பெய்துகொண்டிருந்தன.
மூன்று பட்டைகள் கல்லாய் இருந்தன.
நான்காவது, ஈரத்தில் ஊறி,
ஒரு கட்டைவிரல் நுழையும் அளவு நெகிழ்ந்து,
தட்டையாய்க் காற்றில் அதிர்ந்திருக்கிறது.
மைமூன் கழற்றி
ஒரே ஒரு முறுக்கு முறுக்கி
மறுபடி மாட்டினாள், நான் இறுக்கினேன்.
"இது உனக்கு யாரு சொன்னா?"
"கூரையில மெத்தை கட்டி வீடு மாறினப்ப
நாங்களே கண்டுபிடிச்சோம்."

அதற்கப்புறம் சத்தமில்லை.
புக்கிட் பாத்தோக் வரும் முன்பே
அவள் வாய் திறந்து தூங்கிவிட்டாள்.
மடக்க மறந்த குடை
எங்கள் இருவர் கால்களையும் இடித்துக்கொண்டு
கியருக்குப் பக்கத்தில்
விரிந்தே வந்தது.