தடைக்காலத்தில் இரண்டு பெட்டிகள்

சூரியநாராயணா தெருவில் என் கடை.
எதிரே இம்தியாஸ் கடை.
நடுவில் ஒரு சாக்கடை மூடி,
யார் மிதித்தாலும் டமார் என்னும்.
சத்தத்தை வைத்தே சொல்வேன்
கிராக்கி எந்தப் பக்கம் போகிறது என்று.

அவன் கறுப்புப் பெட்டி வாங்கினான்.
அதில் மழை பெய்தால்
ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரியும்.
மணிக்கு அறுபது ரூபாய்.
என்னுடையது பழைய வெள்ளைப் பெட்டி.
அதன் விசிறி இரைச்சலிடம்
மாவு மில் தோற்கும்.

ஏப்ரல் பதினைந்து. விசைப்படகுகளைக் கட்டிப் போட்டாயிற்று.
அறுபத்தொரு நாள்
வலை இழுக்காத கைகள்
பொத்தான் தேடி வந்தன.
"மாமே, ஃபுட்பால் கீதா?"
அவனிடம் இல்லை.
ஆட்டம் செய்கிறவர்கள் அந்தப் பெட்டிக்கு இன்னும் தரவில்லை.
நாலு பேர் வாங்கட்டும், தருகிறோம் என்கிறார்கள்.
ஆட்டம் வரட்டும், வாங்குகிறோம் என்கிறது ஊர்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
இரு பக்கமும் வண்டி நிற்க
ரயிலும் வராத மத்தியானம் மாதிரி.

ராத்திரி கடையடைத்து
இம்தியாஸ் என்னிடம் வந்து உட்காருவான்.
மழையைப் பற்றியே பேசுவான்.

டெல்ஃபினா வந்தது மே மாதம்.
பகலில் பெருங்குடியில் வங்கிச் செயலி எழுதுகிறவள்
இரவில் தனக்கென்று ஒன்று எழுதியிருந்தாள்:
விடியற்காலை மூன்று மணி ஏலம்.
கூடை, ஐஸ், விரல் ஜாடை.
யாரும் யாரையும் சுடுவதில்லை.
கறுப்புப் பெட்டிக் கம்பெனி ஒரே வரி கேட்டதாம்:
இதை யார் ஆடுவார்கள்?
வெள்ளைப் பெட்டிக் கம்பெனி கேட்கவில்லை,
சோதனைப் பெட்டியே அனுப்பிவிட்டது.
தோற்றுக்கொண்டிருப்பவன்
எவர் வந்தாலும் நாற்காலி போடுவான்.

பையன்கள் இரண்டு நிமிடம் பார்த்தார்கள்.
"இதுக்கு நேரா மார்க்கெட்டுக்கே போவேனே."
திரும்பவும் ஃபுட்பால்.

மகனைத் தேடி வந்தாள் தேசம்மா,
இடுப்பில் அன்னக்கூடை.
திரையைப் பார்த்தாள்.
"வஞ்சிரம் இந்த விலையா? எவ எழுதுனது?
ஐஸுக்குக் காசு எங்கடி கழிச்ச?"
உட்கார்ந்தாள்.
உயிர் நண்டைப் பிடிப்பதுபோல்
கொடுக்குக்கு விரல் எட்டாமல் பிடித்தாள் ரிமோட்டை.

மறுநாள் இரண்டு மணிக்கு, நான் ஷட்டரை இறக்கித் தூங்கும் நேரம்,
டமார்.
டமார். டமார் டமார்.
நாலு பேருக்கு இருபது ரூபாய் என்று
அவர்களே விலை பேசினார்கள்.
ஏலத்தில் பொய் சொல்ல ஒரு பொத்தான் கேட்டார்கள்.
டெல்ஃபினா வைத்துக் கொடுத்தாள்.
இப்போது அதுதான் முதலில் தேய்கிறது.

ஜூன் பதினான்கு. டீசல் வாசனை தெருவரை வருகிறது.
பையன்கள் படகில் ஐஸ் ஏற்றப் போய்விட்டார்கள்.
கறுப்புப் பெட்டிக் கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது:
ஆர்வமாக இருக்கிறோம்,
எங்களுக்கு மட்டும் என்றால்.

இரண்டு மணிக்கு மூடியை மிதித்து
இம்தியாஸே வந்தான். பின்வரிசையில் நின்றான்.
தேசம்மா திரும்பாமலே கேட்டாள்:
"உன் பொட்டியில மழை நல்லா பெய்யுமாமே?
மழையில ஏலம் ஓடுனா
பாதிப் பேரு தார்ப்பாய்க்குள்ள பூந்துப்பான்,
வெல எறங்கும்.
அது வருமா அதுல?"

டெல்ஃபினா எதையோ குறித்துக்கொண்டாள்.
இம்தியாஸ் என்னைப் பார்க்கவில்லை.
நான் எழுந்து
விசிறியில் அடைந்த தூசியை
ஊதிக்கொண்டிருந்தேன்.