எழுபத்திரண்டரைக் கிலோ

விடிந்தும் விடியாத பிடோக் உணவங்காடி.
சாங்கியில் இரவு வேலை முடிந்த நான்கு பேர்.
தே ஓ கொசோங் மூன்று, மைலோ ஒன்று,
பிய்த்துப் போட்ட பரோட்டா,
தீராத ஒரு வழக்கு:
மிடில்வெயிட்டில் யார் கை கனம்?

இருதயராஜ் கோலோவ்கின் கட்சி.
'வரிசையா இருபத்து மூணு பேரைச் சாய்ச்சவன்.
மத்தவன் ஆணி அடிப்பான்,
இவன் சுவரையே நகர்த்துவான்.'

மன்சூருக்கு ஜூலியன் ஜாக்சன்தான்.
'ஒரு கண் வீங்கி மூடியாச்சு,
டாக்டர் நிறுத்தப் பார்க்கிறார்,
கிரகாம் சும்மா ஓடியிருந்தாலே ஜெயிச்சிருப்பான்.
ஒரே வலது, லா.
தரையில விழறதுக்கு முன்னாடியே
ஆள் ஊர்ல இல்ல.'

தவமணி சிரிக்கிறாள்.
எட்டு மணி நேரம் எக்ஸ்ரே திரையில்
ஊரார் பெட்டிகளின் குடலைப் பார்த்த கண்.
'கெட்சல்' என்கிறாள்.
'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது.
ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனையே
உட்கார வெச்சவன்.'
'அடுத்த நொடி?'
'அடுத்த நொடி இவன் மல்லாக்க. அது வேற வழக்கு.'

நீ சொல்லேன் என்றார்கள் என்னிடம்.

முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல் போனால்
பிரித்துக் கட்டச் சொல்வோம் பெட்டியை.
அடிக்கு அந்த விதி இல்லை.

கேலாங்கில், டயர் கடைக்கு மேல் ஒரு கூடம்.
எழுபத்திரண்டரைக் கிலோவில் நின்றேன்,
இப்போது தொண்ணூறு.
எதிரே லியோங்.
அவன் வலது தோள் சற்றே இறங்கியது, பார்த்தேன்.
அடுத்துப் பார்த்தது
வாளித் தண்ணீரில் மிதந்த ஓர் எலுமிச்சைத் தோல்.

நடுவில் பதினோரு நொடி என்றார்கள்.
இருக்கலாம்.
அதற்கு நான் சாட்சி இல்லை.

படியிறங்கும்போது லியோங் கேட்டான்,
ரொம்ப வலித்ததா?
என்னைக் கேட்டால்?
நீதானப்பா அங்கே இருந்தாய்.

இப்போது ஏர்கான் கழுவுகிறான் அவன்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருவான்,
ஏணி போடுவான், தண்ணீர் குடிப்பான்,
காசு வாங்க மாட்டான்.
நானும் வற்புறுத்துவதில்லை.

'வீடியோ இருக்கா?' என்றான் மன்சூர்.
இல்லை.
'அப்ப கணக்குல சேராது.'
இருதயராஜுக்குச் சிரிப்பில் புரையேறியது.

தவமணி மட்டும் தன் மைலோவை எடுத்துக்கொண்டு
மேசையைச் சுற்றி வந்து
என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.
இடது காதில் எதுவும் ஏறாது என்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.

தலைக்கு மேல் ஏதோ ஒரு விமானம் இறங்கியது,
பாதிச் சத்தத்தோடு.

'இப்பச் சொல்லு' என்றாள்.
'ஜாக்சனா, கெட்சலா?'