இரண்டு விரல் இடைவெளி

ஹாமர்ஃபெஸ்ட். நவம்பர் முடிய ஒரு வாரம்.
சூரியன் இனி ஜனவரிக்குத்தான்.
மீன்கிடங்கில் லாரி ஓட்டும் ஓட்வார்
நிலவறையில், இஸ்திரி மேசைமேல்
த்ராட்டிலை மரையாணியால் முடுக்கியிருக்கிறான்.

வி.ஆர். கண்ணாடியை மாட்டினால்
கை காணாமல் போகிறது.
காட்சியில் நெம்புகோல் இருக்குமிடத்துக்கும்
கை தொடுமிடத்துக்கும்
இரண்டு விரல் இடைவெளி.

அதனால் ஃப்ளாப்பில் ஒட்டினான் உப்புத்தாள்,
சக்கர நெம்பில் பழைய கோட்டின் பித்தான்.
எரிபொருள் விசையில் ஒன்றுமில்லை;
வழவழப்பும் ஓர் அடையாளம்தானே.

இன்று குறுக்குக்காற்று. ஓடுபாதை சாய்ந்து வருகிறது.
பித்தானைத் தேடிய விரலுக்கு
ஈரமாய், வெதுவெதுப்பாய் ஒன்று அகப்பட்டது:
நாயின் மூக்கு.

அழுத்தவில்லை.
சக்கரம் இறங்காமலே
வயிற்றால் தேய்ந்து நின்றது விமானம்.
காதில் அபாய மணி.
உள்ளங்கையை நக்குகிறது
அந்த உலகில் இல்லாத ஒரு நாக்கு.