இரண்டு சாண்

திங்கட்கிழமை காலை ஷிப்டில்
என் ஸ்டூலுக்கு நேர் மேலே
காமிராவைத் தொங்கவிட்டார்கள்.
பெருமாநல்லூர் ரோட்டில்
எங்கள் கம்பெனிக்குத்தான் முதலில் வந்ததாம்.
முதலாளி பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினார்.

பதினாலு வருசமாய்
அடியில் டியூப்லைட் எரியும் மேஜைமேல்
துணி ஓட ஓடப் பார்த்தவள் நான்.
ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை,
சாயம் ஏறாத திட்டு,
கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
கல்யாண வீட்டிலும்
மாப்பிள்ளை சட்டையில் தையல் விட்டதுதான்
முதலில் தெரியும் எனக்கு.

ஒன்பது பேரில் ஆறு பேரை
மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.
ருக்காத்தாள் அழவில்லை.
டிபன்பாக்ஸை இரண்டு தரம் கழுவினாள்.

மிச்சம் மூணு பேருக்கு
பீளமேட்டுப் பையன் ஒருவன் பாடம் எடுத்தான்.
அது காட்டும் படத்துக்கு
ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு.
முதல் வாரம் அது
மின்விசிறி நிழலைக் கறை என்றது,
பஞ்சுத் தூசியை ஓட்டை என்றது.
இல்லை, இல்லை, இல்லீங் சாமி என்று
பொழுதுக்கும் அமுக்கினேன்.
"அக்கா, பாம்புக்குப் பால்" என்றாள்
ஒடிசாக்காரி சபித்ரி, பழகிய தமிழில்.

இரண்டாம் மாசம் அது என்னைவிட வேகம்.
கொட்டாவியும் வராது அதற்கு.

ஒரு மத்தியானம்
புளிச்சோறு தின்ற மயக்கத்தில்
அது குறித்து வைத்த கறைகளை
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தேழு. எல்லாம் சரி.
முதல் கறைமேல் கட்டைவிரல் வைத்துச்
சாண் விரித்தேன். இன்னொரு சாண்.
அங்கே அடுத்தது.
மறுபடி இரண்டு சாண். மறுபடி.
கறை துணியில் இல்லைங்க,
எங்கேயோ சுற்றுகிறது.

ஸ்டூலை விட்டு இறங்கினேன்.
காம்பாக்டிங் ஷெட்டில் ஆவி, இரைச்சல்.
மிஷினை நிறுத்தச் சொல்லி
உருளை உருளையாய்ச் சாண் போட்டேன்.
"என்ன அம்மிணி, ஜோசியமா?"
பிட்டர் நாச்சிமுத்து சிரித்தான்.
நாலாவது உருளை, சரியாய் இரண்டு சாண் சுற்று.
அதில் நகமளவு செல்லோடேப்,
எண்ணெயும் பஞ்சும் தின்று கறுத்திருந்தது.
கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

இப்போது காமிரா கறையைக் காட்டுகிறது,
நான் கறையின் வீட்டைத் தேடிப் போகிறேன்.
செருப்பு மூணு மாசத்தில் தேய்ந்துவிட்டது.
இரண்டாயிரம் கேட்டேன், ஆயிரத்து நூறு கூட்டினார்கள்.
அட்டையில் இன்னும் செக்கர் என்றுதான் இருக்கிறது.

ருக்காத்தாள் பாலத்தடியில்
கம்மங்கூழ்க் கடை போட்டிருக்கிறாள்.
எனக்கு மோர்மிளகாய் ஒன்று கூட வைப்பாள்.
வியாபாரம் எப்படி என்றால் சிரிப்பாள்,
கணக்குச் சொல்லமாட்டாள்.
மற்ற ஐந்து பேர் எங்கே, தெரியாது.
எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இதையும் மறைக்க முடியாது:
முன்பு ராத்திரியில் கண் வலிக்கும்.
இப்போது கால் வலிக்கிறது.
கால் வலியோடு படுக்கையில்
நாளைக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்று
ஒரு நினைப்பு ஓடுகிறது.
கண் வலித்த காலத்தில்
நாளைக்கு என்று ஒன்று இருந்ததே
எனக்கு ஞாபகமில்லை.

ஏழு மணி டவுன் பஸ் குலுங்குகிறது.
ரோடு மோசம் என்று
எல்லாரும் கம்பியைப் பிடித்துத் திட்டுகிறார்கள்.
எண்ணிப் பார்க்கிறேன்.
ஒரே சீராய்க் குலுங்குகிறது.
ரோடு இப்படிக் குலுக்காது.
பின்சக்கரம்.
"ஏனுங், கண்டக்டர்" என்று எழுந்தேன்.