எதைத் தின்ன மாட்டாய்

மூன்று நாள் மழையில் பாலம் போய்விட்டதாம்.
சரணாலயம் இல்லை, சிங்கம் இல்லை,
கட்டிய பணத்தில் பாதி திரும்புமாம், அதுவும் அடுத்த மாதம்.
பயண அலுவலகத்துப் பெண் இதைச் சொல்லிவிட்டு
கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

வெளியே விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு கலோலி நாரை.
வழுக்கைத் தலை, தொங்கும் கழுத்துப் பை,
தன் எச்சத்தால் தானே வெள்ளையடித்துக்கொண்ட கால்கள்.
கடன் வசூலிக்க வந்து, வீட்டில் ஆளில்லாமல்
காத்திருப்பவனைப் போல நின்றது.

கம்பாலாவில் போடா என்பது வசவில்லை, வாகனம்.
போடா, போடா என்று தெருமுனையில் பத்துப் பேர் கூப்பிட்டார்கள்,
எனக்கு ஒருவர்மேலும் கோபம் வரவில்லை.
கிகோங்கோவின் வண்டியில் ஏறினேன்.
"குப்பை தின்னும் நாரையைப் படமெடுக்கவா
இவ்வளவு தூரம் வந்தீர்கள்?"
"சிங்கம் பார்க்க வந்தேன்."
"பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நெஞ்சைத் தட்டினான்.
"நான் சிங்கக் குலம். அப்பாவும், அவருடைய அப்பாவும்.
காட்டுச் சிங்கத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.
உங்கள் நுழைவுச்சீட்டு
என் மகளின் ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணம்."
குறையாகச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை நீட்டினான்,
உள்ளே யாருடைய வியர்வையோ இன்னும் சூடாக.

நவம்பர் அது.
குன்றுகளில் வெள்ளை விளக்குகள் கண் கூச எரிந்தன.
தகரத்தைச் சாய்த்து, அடியில் பீப்பாய் வைத்திருந்தார்கள்.
வெட்டுக்கிளிகள் மோதி, வழுக்கி, உள்ளே விழுந்தன,
ஆலங்கட்டி மழையின் சத்தத்தோடு.

வாண்டெகேயா சந்தையில் நாலோங்கோ
கால் வேறு, சிறகு வேறாக அவற்றை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
வாணலியில் வெங்காயம், உப்பு.
எண்ணெய் வேண்டாம், அதுவே விடும்.
ஒரு பிடி அள்ளிக் கிகோங்கோவிடம் நீட்டி,
உப்புச் சரியா என்று கேட்டாள்.
"நீங்களே பார்க்கலாமே?"
"நான் வெட்டுக்கிளிக் குலம். விற்கலாம்.
தின்னக் கூடாது, சொந்தக்காரர்கள்."
இரட்டைப் பிள்ளைகளை இந்த வாணலி வளர்த்திருக்கிறது.
அவள் நாவில் ஒன்றுகூடப் பட்டதில்லை.

பிளாஸ்டிக் குவளையில் அளந்து, கொசுறும் போட்டு,
"நீ என்ன குலம்?" என்றாள்.

அந்தக் கேள்வியை என் முதுகு அறியும்.
ஊரில் அதை நேராகக் கேட்க மாட்டார்கள்.
தெருவின் பெயர் கேட்பார்கள், அப்பாவின் பெயர் கேட்பார்கள்,
பிறகு தண்ணீர் வரும் டம்ளர் மாறும்.
வாய் தானாக மூடிக்கொண்டது.

கரண்டியால் வாணலியைத் தட்டினாள்.
"எதைத் தின்ன மாட்டாய்? அதைச் சொல்.
அதுதான் குலம்.
அதை உன் தட்டில் யாரும் வைக்க மாட்டோம்."

வாயில் வந்தது யானை.
கிகோங்கோ வண்டியில் சாய்ந்து சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை,
எதிர்க்கடையைப் பார்த்துக் கூவினாள்:
"உன் தம்பி வந்திருக்கிறான்!"

தக்காளி அடுக்கிக்கொண்டிருந்த யானைக் குலத்தான்
நிமிர்ந்தான், என்னை ஏற இறங்கப் பார்த்தான்,
கை உயர்த்தினான்.
நாலு தக்காளி வாங்கினேன்.
அண்ணன் விலையைக் குறைக்கவில்லை.