இருநூறு கிராம்

கையில் வைத்தால்
ஓர் ஆரஞ்சுப் பழம், அவ்வளவுதான்.
அதையே ஸாய்மியின் கெண்டைக்காலில்
நான் சுற்றிக் கட்டியதும்
மூன்றாவது தடை
ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது.

தட்டுகிறாள்.
திரும்பப் போய் நின்று
ஓடி வந்து
மறுபடியும் தட்டுகிறாள்.
தடை விழுந்து ஆடி அடங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்து
ஃபின்னிஷில் ஒரு சொல் சொல்கிறாள்,
சின்னச் சொல், இங்கே எழுத முடியாது.

வெளியே பிப்ரவரி.
குவோப்பியோவின் ஏரி
கார் ஓடுகிற அளவுக்கு இறுகிக் கிடக்கிறது.
உள்ளரங்கில் ரப்பர் வாடை,
ஆறிப்போன காபி,
கோல் ஊன்றித் தாண்டுகிறவர்கள்
மெத்தையில் பொத்தென்று விழும் சத்தம்.

இவள் விடியுமுன் பத்திரிகை போடுகிறவள்.
லிஃப்ட் இல்லாத நான்கு மாடிகள்,
தோளில் பன்னிரண்டு கிலோ.
ஒருநாளும் அது கனக்கிறதென்று சொன்னதில்லை.
ஒரு பழத்துக்குப் போய்
இப்படி முகம் சுளிக்கிறாள்.

நான் நோட்டில் எழுதியிருப்பது வேறு மாதிரி,
ஆனால் உள்ளது இதுதான்:
இடுப்பருகே கட்டினால் எடை
வீட்டு மனுஷி, இருப்பதே தெரியாது.
தொடைக்கு இறங்கினால் விருந்தாளி.
கெண்டைக்காலுக்குப் போய்விட்டால்
கடன்காரன்,
ஒவ்வொரு அடிக்கும் வந்து வாசலில் நிற்பான்.

அது கீழே இழுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
மெதுவாக ஓடவிட்ட காணொளியில் பார்த்தால்
அது இழுக்கவில்லை, பிந்துகிறது.
கால் கிளம்பும்போது கிளம்ப மனமில்லை;
கிளம்பிய பிறகோ நிற்க மனமில்லை.
போதும் போதும் என்று
பின்தொடைத் தசை ஓடி வந்து
பிடித்து நிறுத்துகிறது.
அந்த ஓட்டம் யார் கண்ணிலும் படாது.

ஆறு முறை ஓடினாள்.
வெல்க்ரோவைப் பிய்த்தேன்.
ஏழாவது, வெறுங்காலாக.

திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.
"பார்த்தாயா எர்யா?
தரையே இல்லை! பறந்தேன்!"

பார்த்தேன்.
எட்டு புள்ளி ஆறு இரண்டு.
காலையில், எதுவும் கட்டுமுன் ஓடியதும்
எட்டு புள்ளி ஆறு இரண்டு.

திரையைக் கையால் மறைத்துக்கொள்ளலாமா என்று
ஒரு கணம் தோன்றியது.
என் அட்டவணையில்
பறந்ததை எழுத ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
பிறகு எண்ணைச் சொன்னேன்.

தண்ணீர் குடித்தாள்.
மூடியைத் திருகினாள், தேவைக்கு மேல் இறுக்கமாக.
"சரி, நாளைக்கும் கட்டு" என்றாள்.

ஆறு வாரம் கட்டினேன்.
நூறில் ஐந்து பங்கு வினாடி குறைந்தது.
அதே ஆறு வாரத்தில்
அவள் ஆர்த்துவின் வீட்டிலிருந்து
தன் பெட்டிகளை எடுத்து வந்தாள்,
பத்திரிகைச் சுற்றில் ஒரு தெருவை விட்டாள்,
எட்டு மணி நேரம் தூங்கத் தொடங்கினாள்,
பகலும் நீண்டுகொண்டே போனது.
எந்தக் கனம் இறங்கியதால் என்று
பேராசிரியர் கேட்கிறார்.
"மேலும் ஆய்வு தேவை" என்று எழுதிவைத்தேன்.
குளிருக்கு நல்ல போர்வை, அந்த வாக்கியம்.

நேற்று இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள்.
"இடது காலில் ஒன்று
இன்னும் இருக்கிறது."

அதோடு பஸ் ஏறியிருக்கிறாள்.
கடையில் வரிசையில் நின்றிருக்கிறாள்.
மாடிப்படி, உருளைக்கிழங்கு, அம்மாவிடம் ஃபோன்.
சவ்னாவுக்கு உடை களையும்போதுதான்
கண்ணில் பட்டதாம்.

கழற்றிவிடு என்றேன்.

"கழற்றிவிட்டேன்" என்றாள்.
அந்தப் பக்கம் வெந்நீர்க் கல்லில்
தண்ணீர் சீறியது.
"இப்போது
வலது கால் கனக்கிறது."