நொடிக்கு மூன்று

குரோனிங்கனில் காற்று எப்போதும் எதிரில்தான் அடிக்கும்,
சைக்கிளை எந்தப் பக்கம் திருப்பினாலும்.
கால்வாய்ப் பாலத்தின் மேல் ஃபென்னாவின் குடை
ஒரே உதறலில் உள்வெளியாகப் புரண்டது.
திட்டினாள். பிறகு நின்று அதையே பார்த்தாள்.
"கார்பன் இப்படித்தான் புரளும்," என்றாள்,
"முதுகில் அடி விழும்போது."

மூன்று குளிர்காலமாக அவள் வளர்ப்பது ஒரு படிகம்,
சர்க்கரைத் துணுக்கைவிடச் சிறியது.
உள்ளே ஒரே நொதி, கோடானுகோடி முறை அடுக்கியபடி.
சேற்றுப் பாக்டீரியா ஒன்று
தன் பசிக்காக முளைக்கவைத்த பல்.

மேலே ஒரு மூடி. கீழே ஒரு குழி.
எண்ணெய்ப் பிசுக்குள்ள சுவர்கள்;
தண்ணீருக்கு அங்கே அழைப்பில்லை,
மூலையில் காத்திருக்கும் ஒற்றை மூலக்கூறு தவிர.
நுழைவழியில் நழுவி வந்து விழுகிறது அது:
இரண்டு கார்பன், இரு முனையிலும் குளோரின்.
நம் வீட்டுக் குழாய்களின் மூலப்பொருள்.
இனிப்பாக மணக்கும்,
ஈரலைத் தேடிப் போகும்.

நூற்று இருபத்துநான்காம் இடத்தில் அஸ்பார்டேட்
ஓர் ஆக்சிஜனை நீட்டுகிறது.
இந்தப்புறம் ஒட்டும் அந்தப்புறம் அறுபடலும் ஒரே கணம்.
குடை புரள்கிறது.
கழன்ற குளோரினை
இருபுறமும் நின்ற இரண்டு ட்ரிப்டோபான்கள்
ஆளுக்கொரு ஹைட்ரஜன் நீட்டி ஏந்திக்கொள்கின்றன.
இப்போது ஹிஸ்டிடின், மூலையில் இருந்த நீரிடம்
ஒரு புரோட்டானைப் பிடுங்க,
சீண்டப்பட்ட நீர் பாய்ந்து ஒட்டியதைப் பிரிக்கிறது.
நஞ்சின் பாதி ஆல்கஹாலாகி வெளியே நடக்கிறது.
மீதிப் பாதிக்கு வேறு நொதிகள், வேறு பந்தி.

இதை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன்.
படிகத்தைக் குளிரில், அமிலத்தில் ஊறவைத்தாளாம்.
அமிலத்தில் ஹிஸ்டிடினின் கை ஏற்கெனவே நிறைந்திருக்கும்,
பிடுங்க முடியாமல் வேலை பாதியில் நிற்கும்.
ஹாம்பர்க்கில் ஓர் இரவு முழுக்க எக்ஸ்ரே:
அதிகாலை நான்கு மணித் திரையில்
முதுகு திரும்பிய கார்பன், பிடிபட்டபடி.
பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தாள்.
எல்லாம் போயிருந்தது,
குளோரைடு மட்டும் இரு ட்ரிப்டோபான்களுக்கு நடுவே
எழுந்திருக்க மனமில்லாமல்.

அதுதான் இருப்பதிலேயே மெதுவான படி.
உடைக்கிறது சட்டென்று;
மூடி தளர்ந்து, நீர் உள்ளே கசிந்து,
பிடித்ததை விடுவதற்குத்தான் நேரம்.
உப்பிட்டதை உள்ளளவும் விடாத பிறவி.
என் மேசையில் விவாகரத்துத் தாள்கள்
இரண்டு மாதமாகக் கையெழுத்துக்குக் கிடந்தன.
நான் வாயைத் திறக்குமுன் ஃபென்னா சொன்னாள்:
"வேண்டாம். அது புரதம். அதற்குத் துக்கம் கிடையாது."

வியாழக்கிழமை பம்புக் கொட்டகைக்குப் போனோம்.
நிலத்தடி நீர் அங்கே தொட்டியில்
பாக்டீரியாப் படலத்தின் மேல் நுரைத்து ஓடுகிறது.
ரெம்ட் ரப்பர் காலணியோடு மாதிரிப் புட்டியை நிரப்பினார்.
முப்பது வருடம் இதே திரவத்தை
டேங்கர்களில் ஏற்றியவர்.
"கடைசியில் என்னவாகிறது?"
உப்பு, என்றாள் ஃபென்னா.
"அவ்வளவுதானா?"
தடுப்புக்கரைக்கு அப்பால் சாம்பல் நிறக் கடலைத் தாடையால் காட்டினார்.
"அங்கே கொஞ்சம் இருக்கிறதே, பார்த்தீர்களா."

ஒரு நொதி, நொடிக்கு மூன்று.
கைக்கடிகாரத்தில் ஒரு நொடி பார்த்தேன்.
தொட்டி அப்படியே இருந்தது.
இன்னொரு நொடி பார்த்தேன்.